பின்னுக்குப் போடுங்கோ

"ஆர் ஓடுறது?" எண்டு கேட்டார் கடைக்காரர்.
"நான்தான்."
"அவர் வரேல்லையோ?"
அவர் வீட்டில் நித்திரை. அவரைப் பொறுத்தவரை ரயர்
கறுப்பாக, வட்டமாக இருந்தால் காணும்.

ஸ்ரான்லி வீதி. ஐப்பசி அரைவாசி.
வல்லை வெளிப்பக்கம் வானம் இருண்டு கிடக்கிறது.
கடைக்குள் கூரை வரை அடுக்கிய றப்பர் மணம்,
அதற்குள் ஒரு சாம்பிராணிக் குச்சி.

முதலில் இறக்கினது கல்லுப்போல ஒன்று.
"அறுபதாயிரம் ஓடும், அசையாது."
பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
நகம்தான் வளைந்தது.
"எனக்கு நாளாந்தம் பண்ணைப் பாலம், அண்ணை.
மழைக்குள்ளே. மெதுவாயும் ஓடமாட்டன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
எண்பது என்று சொல்லவில்லை நான்.
போன செவ்வாய் அல்லைப்பிட்டி வளைவில்
காரின் பின்பக்கம் என்னைக் கேளாமல்
கடலைப் பார்க்கப் புறப்பட்டதையும் சொல்லவில்லை.
கையில் ஸ்ரேறிங் ஒரு வெறும் தட்டுப்போல.
கண்ணாடி முழுக்கப் பரவைக்கடல்,
களங்கட்டித் தடியில் ஒரு நீர்க்காகம்
இறக்கையை விரித்தபடியே என்னைப் பார்த்தது.
பிறகு றோட்டு திரும்பி வந்தது.
பயந்தேன் என்றால் பொய்யில்லை.
அது மட்டும்தான் என்றால் பொய்.

அன்றைக்கு ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரியில்
நூற்றுப்பத்துப் பேருக்கு மருந்து கொடுத்தேன்.
எண்ணின குளிசை ஒன்றும் பிழைக்கவில்லை.

இரண்டாவது ரயர் மெதுமையானது.
நடுவில் நாலு அகல வாய்க்கால்,
பக்கத்துக்குச் சரிந்து ஓடும் கிளைகள்.
தண்ணீருக்கு வழி விடாத ரயர்
தண்ணீரின் மேலே ஏறிக்கொண்டுவிடும்;
ஏறினபிறகு அது வள்ளம், கார் இல்லை.
"இது கெதியாத் தேயும் தங்கச்சி."
தேயட்டும். பிடித்துக்கொண்டு தேயட்டும்.

குனிந்து பக்கச் சுவரில் அந்த நாலு இலக்கத்தைத் தேடினேன்:
எத்தனையாம் கிழமை, எந்த வருசம்.
முதல் சோடி ஐந்து வருசப் பழசு.
"இதென்ன, மருந்துப் போத்தலே திகதி பார்க்க?"
"ஓம்" என்றேன். "வேற சோடி எடுங்கோ."
முணுமுணுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

சீட்டுக்காசு நாலுக்குக் காணாது. இரண்டு.
யதுசன் என்ற பொடியன் ஜக்கை உருட்டி வந்தான்.
முன் ரயர்களைக் கழற்றப் போனவனை மறித்தேன்.
"அக்கா, இழுக்கிறது முன் சில்லு. பிரேக்கும் முன்னுக்குத்தான் கூட."
"தெரியும். பின்னுக்குப் போடுங்கோ."
"எல்லாரும் புதுசை முன்னுக்குத்தான்..."
"தம்பி, முன்பக்கம் வழுக்கினால் கைக்குத் தெரியும்.
காலை எடுக்கலாம். பின்பக்கம்
சொல்லிப்போட்டுப் போறேல்லை."

அவன் கடைக்காரரைப் பார்த்தான்.
கடைக்காரர் காசை எண்ணுகிறமாதிரி இருந்தார்.
பிறகு, தலை நிமிராமல்,
"சொல்லுறதைச் செய்யடா."

கழற்றின இரண்டும் மொட்டை.
அஞ்சு ரூபாய்க் குத்தியை வைத்துப் பார்க்கவும் பள்ளமில்லை.
அதிலே ஒன்றைக் கயிற்றில் கட்டி
மகளுக்கு ஊஞ்சல் போடச் சொன்னான் யதுசன்.
வேண்டாம். அது என்னை ஒருக்கால் விட்ட ரயர்.

புறப்படேக்க ஜன்னலுக்குள் குனிந்து சொன்னார்:
"புது ரயருக்கு மேல்தோல் வழுக்கும். முதல் இருநூறு
கிலோமீற்றர் அவதிப்படாதேங்கோ."

பண்ணையில் மழை பிடித்துக்கொண்டது.
ஐம்பதில் போகிறேன்.
மீன்பெட்டி கட்டின ஓட்டோ முந்துகிறது.
வேலணை மினிபஸ் கோண் அடித்து முந்துகிறது,
மிதிபலகைப் பொடியன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்,
பெண்பிள்ளை ஓட்டம் எண்டு.

சிரி.
நூற்றுத் தொண்ணூற்றாறு மிச்சம்.
கார்த்திகை இன்னும் வரவில்லை.